பத்து மணி பஸ்

நிஷாந்திக்கு ‘பத்து மணி பஸ்’ என்று பேர் வைத்தவன் நான்தான். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. வைத்த அன்றைக்குத் தேயிலை மலையே சிரித்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. பத்து மணி ஆனால் போதும், கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குடியிருக்கிற லயத்துக் கக்கூசைப் பார்த்து ஓடுவாள். அரை மைல் இறக்கம். அப்புறம் பதினொன்றரைக்கு ஒரு ஓட்டம், ஒரு மணிக்கு இன்னொன்று. சாயங்காலம் நிறுத்துப் பார்த்தால் கொழுந்து குறைவாக இருக்கும். கணக்கப்பிள்ளை என்ற முறையில் நான் அரைப்பேர் போடுவேன். அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம்தான். டிஸ்பென்சரியில் மூன்று வருஷமாக அவளுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். பூச்சி செத்ததோ இல்லையோ, அவள் பாதியாகிப் போனாள்.

போன மார்ச்சில், கொழும்பிலிருந்து சைக்கிள்காரர்கள் வருகிறார்கள் என்று எங்கள் தோட்டத்து மானேஜர் துரை சொன்னார். குரோன் என்று ஒரு குடல் நோயாம். அது ஜனங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நுவரெலியா வரைக்கும் மிதிக்கிறார்களாம். வழியில் வட்டகொடைக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்தில் வரவேற்பு. வயிற்று வலிக்கு யாராவது சைக்கிள் ஓட்டுவார்களா என்று நான் கேட்டேன். துரை சிரிக்கவில்லை.

கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வருகிற பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் வெள்ளை டைல்ஸ் பதித்துப் புதிதாக ஒரு கக்கூஸ் கட்டியிருந்தோம். அதைக் கழுவச் சொல்லிப் பூட்டி, சாவியைத் துரை என் கையில் கொடுத்தார்.

“வந்தவங்க போற வரைக்கும் ஈ காக்கா உள்ள போகக் கூடாது, தரணி.”

மாலை போடுவதற்கு நிஷாந்தியைத் தேர்ந்தெடுத்தது துரையின் சம்சாரம். ஒல்லியான பெண், போட்டோவில் நன்றாக இருப்பாள் என்றார். வரவேற்புக்கு நிற்கிறவர்களுக்கெல்லாம் முழுப்பேர் என்றதால் அவளும் சரி என்றாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அவளோடு கொழுந்து பறிக்கிற மீனம்மா என்னிடம் சொன்னாள். அத்தனை பேர் முன்னால் ஓடும்படி ஆகிவிடக் கூடாது என்ற பயம். அந்த ஒரு காலைப்பொழுது மானத்தோடு கழிந்தால் போதும் என்றுதான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு வரவேண்டியவர்கள். கினிகத்தேனையில் டயர் வெடித்ததாம், ஹட்டனில் தேநீர் குடித்தார்களாம். பெண்களை வெள்ளைச் சேலை கட்டச் சொல்லி எட்டு மணிக்கே ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டோம். பத்து மணிக்கு நிஷாந்தி என்னிடம் வந்தாள். உதடு வெளுத்திருந்தது.

“ஐயா, அந்தச் சாவியக் குடுங்க. அஞ்சே நிமிசம்.”

“பஸ் வந்திருச்சா?” என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

“அப்ப லயத்துக்காவது ஓடிட்டு வரவாங்க?”

“இந்தா வந்துட்டாங்கன்னு போன் வந்திருக்கு. மால போடுற ஆளக் காணோம்னா தொரை என்னைய உரிச்சுப்புடுவாரு. பேசாம நில்லு புள்ள.”

போன் ஒன்றும் வரவில்லை. அவள் போய் வரிசையில் நின்றாள்.

பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார்கள், பன்னிரண்டு பேர். முன்னால் வந்தவர் ஸஜ்ஜாத், அவர்தான் தலைவர். சைக்கிளைக் கீழே போட்டதும் மாலையைக்கூடப் பார்க்காமல் என்னிடம் வந்தார்.

“டொய்லட் எங்க? அவசரம். எனக்கும் இந்தக் குரோன் வருத்தம்தான்.”

நான் முன்னால் ஓடிப்போய்த் திறந்துவிட்டேன். திறக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் சோப்பும் துவாயும் நீட்டினேன். அப்புறம் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நிஷாந்தி மாலையோடு அதைப் பார்த்தபடியே நின்றாள்.

தமிழில் அச்சடித்த துண்டுப்பிரசுரத்தை மைக்கில் வாசிக்கச் சொன்னார்கள். கோயில் திருவிழாவில் மைக் பிடிக்கிற ஆள் நான். கணீரென்று வாசித்தேன்.

“அடிக்கடி வயிற்றோட்டம். தீராத வயிற்றுவலி. மலத்தில் இரத்தம். உடல் மெலிதல்.”

ஒவ்வொரு தலையாக நிஷாந்தியின் பக்கம் திரும்பியது. எனக்கும் அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த வரியையும் வாசித்தேன்.

“இவர்களால் அடக்க முடியாது. கேட்டால் கழிப்பறையைத் திறந்து விடுங்கள். தயவுசெய்து மறுக்காதீர்கள்.”

அவள் என்னையே பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லி மீனம்மாவிடம் சாவியைத் தூக்கிப் போட்டிருக்கலாம். பக்கத்தில் துரை நின்றார். நான் கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

மாலையோடு மூன்று எட்டு வைத்தவள் நடு ரோட்டில் நின்றுவிட்டாள். கட்டியிருந்ததோ வெள்ளைச் சேலை. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

“டோய், பஸ் வந்திருச்சு டோய்!” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். நான் வைத்த பேர் அது. பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள், சிரித்தார்கள். நிஷாந்தி மாலையைக் கீழே போட்டுவிட்டு இறக்கத்தில் ஓடினாள். துரையின் சம்சாரம் மாலையை எடுத்து, வரிசையில் நின்ற தனுஷிகா கையில் கொடுத்து மறுபடி போட்டோ பிடிக்கச் சொன்னார்.

ஸஜ்ஜாத் மட்டும் சிரிக்கவில்லை. புறப்படும்போது ஒரு அட்டையை என்னிடம் கொடுத்தார்.

“இத அவங்ககிட்ட குடுங்க. மூணு பாஷையிலயும் எழுதியிருக்கு. இதக் காட்டினா ஒருத்தரும் மறுக்க மாட்டாங்க.”

இரண்டு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு வந்தபோது அட்டையைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி வாசித்தாள். இரண்டு தரம் வாசித்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். மூன்று வருஷத்தில் அவள் முகத்தில் நான் பார்த்த முதல் தெளிவு அது.

அன்றைக்கு வேலை பிள்ளைக் காம்பராவுக்கு நேர் மேலே இருந்த மலையில். வெள்ளைக் கக்கூஸ் அங்கிருந்து ஐம்பது எட்டு இருக்கும். பத்து மணிக்கு நிஷாந்தி நிரையை விட்டு இறங்கி வந்து என் முன்னால் அட்டையை நீட்டினாள். பெண்கள் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இந்தத் தரம் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

“இதக் காட்டினா தொறப்பாங்கன்னு போட்டிருக்குங்க ஐயா.”

சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அடுத்த மாதம் கம்பெனியிலிருந்து ஆள் வருவார்கள், அதுவரை பூட்டியே இருக்கட்டும் என்று துரை சொல்லியிருந்தார். அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.

“தொரைகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்,” என்றேன்.

நிஷாந்தி அட்டையைத் திரும்ப வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி லயத்துப் பக்கம் ஓடினாள். சாயங்காலம் கொழுந்து நிறுத்தோம். அவளுடையது குறைவாக இருந்தது. நான் அரைப்பேர் போட்டேன்.