நாய்க்குச் சோறு வைக்கும் வேலை

"இந்த வருஷம் பிள்ளைங்க நீர்நாயைப் பாக்காமலே வீட்டுக்குப் போகட்டும் சார்."

கேட்டேவிட்டாள். எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்காதே என்று, அவளுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நீல வாளியைக் கையில் ஒப்படைத்த அன்றே சொன்னது அது. "லீவு கேளு, நல்ல மெத்தை கேளு, கூட ஒரு ஆள் கேளு. மீனை நிறுத்தலாமான்னு மட்டும் வாயைத் திறந்துடாதே. அன்னியோட உன் வேலை காலி."

பேராசிரியர் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா? டீ குடிச்சியா இல்லையா?"

"குடிச்சாச்சு. மீன் வைக்கறதை நிறுத்தணும்."

"மெதுவா பேசு."

ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோடை விடுமுறை முழுக்க இங்கே இப்படித்தான். ஆற்றங்கரையில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் அணி அணியாக வந்து தங்கி, சேற்றில் கால்தடம் அளந்து, மரத்தில் கேமரா கட்டி, விலங்கின் எச்சத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு குச்சியால் கிளறி, ஆராய்ச்சி என்றால் என்னவென்று கற்றுக்கொண்டு போவார்கள். நீர்நாயை நேரில் காணலாம் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. காட்டு விலங்குக்கு விளம்பரம் படிக்கத் தெரியாது. அதனால் பிள்ளைகள் எழுவதற்கு முன்பே அவள் போய்ப் பாறை இடுக்கில் மீன் வைப்பாள். பிறகு, அவர்கள் தொலைநோக்கியோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருக்கும்போது, தண்ணீர் மொள்ளப் போகிறவள் போல வாளியோடு இறங்குவாள். கைப்பிடி டணங்கென்று விழும். சொல்லி வைத்தாற்போல நீர்நாய் தலைநீட்டும்.

அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். வேலை கிடைத்த அன்று அம்மா போனில் கேட்டாள், "நீர்நாய்னா? நாய்க்குச் சோறு வைக்கவாடி உன்னைக் காலேஜுக்கு அனுப்பினோம்?"

"அது நாய் இல்லம்மா. ஆராய்ச்சி."

"பேர்லயே நாய் இருக்கேடி!"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வாளி கைக்கு வந்தபிறகு அவளால் அந்தச் சிரிப்பைத் திரும்பச் சிரிக்க முடியவில்லை. அம்மா இன்னமும் போனை எடுத்ததும், "நாய் சாப்பிட்டுச்சா?" என்றுதான் ஆரம்பிப்பாள். இங்கே சிக்னல் சரியில்லை என்று சொல்லி இவள் போனை வைத்துவிடுவாள். சிக்னல் நன்றாகவே இருந்தது.

ஒரு அணி போய் அடுத்த அணி வருவதற்குள் கட்டடம் காலியாகிவிடும். அடுக்குக் கட்டில்களில் வெறும் மெத்தைகள், யாரோ மறந்துவிட்டுப்போன ஒற்றைக் காலுறை, சுவரில் பசை காய்ந்த படங்கள். பேசுவதற்கு ஈ காக்கை கிடையாது. அப்படியொரு சாயங்காலம் வாளியை எடுக்காமல் சும்மா போய்ப் பாறையில் உட்கார்ந்தாள். வருமா என்று பார்க்க ஆசை. வந்தது. தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி அவளுடைய கைகளைப் பார்த்தது. முகத்தைப் பார்க்கவில்லை. முழுகிப் போய்விட்டது. இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இந்த ஆற்றில் தனக்கென்று ஒரு ஜீவன் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த தன் மடத்தனத்தை எண்ணி, தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

நேற்று, கீழ்ப்பக்கம் மீன் பிடிக்கிறவர் கரையோரம் படகை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார். "உங்க நாய் என் வாளிக்குள்ளயே தலையை விடுதும்மா. துடுப்பால ஒண்ணு போட்டேன். கட்டி வைங்க."

இன்று காலை அது வந்தபோது மூக்கு பிளந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. மேடையில் இருந்த பிள்ளைகள் மூக்கைப் பார்த்துத்தான் அடையாளம் வைத்திருந்தார்கள். "இது வேற! புதுசு!" என்று ஒருவன் கத்த, பேராசிரியர் எழுந்து நின்றார். "ரெண்டாவது நீர்நாய்! ஆத்துல எண்ணிக்கை கூடுது. எல்லாரும் கைதட்டுங்க!"

கைதட்டினார்கள். அவள் அறைக்குப் போய்ப் பையைக் கட்டிவிட்டுத்தான் இவரிடம் வந்தாள்.

"அது புதுசு இல்ல சார்," என்றாள் இப்போது. "பழசுதான். அடி வாங்கிட்டு வந்திருக்கு. வாளின்னா சோறுன்னு நாமதான் பழக்கினோம். அடுத்தவன் வாளிக்குப் போயிருக்கு."

அவர் மடிக்கணினியை மூடினார். "சரி. நிறுத்தறேன். பிள்ளைங்க வெறும் தண்ணியைப் பாத்துட்டுப் போவாங்க. அடுத்த வருஷம் ஒருத்தரும் வர மாட்டாங்க. நாம இதைப் பூட்டிட்டுப் போனதும் மணல் லாரி வந்து நிக்கும். அப்ப அந்த நீர்நாய் எங்க இருக்கும்? சொல்லு."

அவளுக்கு இன்னும் கோபம் ஏறியது. "அது எனக்குத் தெரியாது. நாளைக்கு நான் மீன் வச்சா அது செத்துடும். அது தெரியும்."

"மேல படிக்கணும்னு சொன்னே. உனக்காக நான்தான் நாலு பேர்கிட்ட பேசணும். ஞாபகம் இருக்கட்டும்."

"என்னன்னு பேசுவீங்க சார்? நல்லா சோறு வைப்பான்னா?"

அவர் முகம் சிவந்தது. "உனக்கு வாய் காது வரைக்கும் இருக்கு. நாளைக்குக் காலையில வாளி ஆத்தங்கரையில இருக்கணும். நீ போறியா, வேற ஆளை அனுப்பவா?"

"வேற ஆள் போகட்டும். வாளி போகாது."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் எழுந்து வெளியே வந்தாள்.

படிக்கட்டில் கேள்விக்குறி உட்கார்ந்திருந்தாள். ஓயாமல் கேள்வி கேட்டதால் மற்ற பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் அது. மடியில் கேமராவை வைத்துக்கொண்டு இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, மூக்குதான் வேற மாதிரி இருக்கு. தொண்டையில இருக்கற வெள்ளை ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கே?"

"ஒரே நீர்நாய்தான். அடிபட்டிருக்கு."

"சார் வேறன்னாரே?"

"தப்பு."

சிறுமி வாயைப் பிளந்தாள். பிறகு மெதுவாக, "அப்ப தினமும் நீங்க இறங்கும்போது மட்டும் எப்படி கரெக்டா வருது?"

"நான் மீன் வச்சேன்."

கேள்விக்குறியிடம் கேள்வி தீர்ந்துபோனதை அவள் முதன்முறையாகப் பார்த்தாள். பாவமாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு வருமா?"

"வராம இருக்கணும். வரலைன்னா வரலைன்னே எழுது."

"சார் திட்டுவாரு."

"திட்டுவாரு."

கதவோரம் வைத்திருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கொட்டகையிலிருந்து நீல வாளியை எடுத்தாள். பேருந்து நிற்கும் இடம்வரை பாதை ஆற்றை ஒட்டியே போகும். பையிலிருந்து துண்டை உருவி, சத்தம் வராதபடி வாளியின் கைப்பிடியில் இறுக்கிச் சுற்றினாள். பிறகு தண்ணீர்ப் பக்கம் திரும்பாமல் நடந்தாள்.