அம்மாவிடம் கேட்டு வா

செம்பாக்கம் சபையில் பாலர் வகுப்புக்கென்று கொடுத்திருந்த அறை, ஜமுக்காளங்களும் மடக்கு நாற்காலிகளும் அடைத்தது போக மிஞ்சிய இடம்தான். அதில் ஞாயிறு காலை எட்டிலிருந்து ஒன்பது வரை பதினாறு பிள்ளைகளை உட்கார வைத்து, தேவன் உலகத்தை உண்டாக்கிய பாடத்தை ஐந்து வாரமாக நடத்திக்கொண்டிருந்தாள் ஞானஜோதி. 1990ஆம் வருஷம். பிள்ளைகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. வெளிச்சத்தை உண்டாக்கியது யார் என்று கேட்டால், "ஈ.பி. காரங்க" என்று ஒருவன் சொல்வான். பக்கத்துத் தெருவிலிருந்து பிஸ்கட்டுக்காக வரும் தனக்கோடி, எதற்கும் "இயேசப்பா" என்று சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்து வைத்திருந்தான். சுவரில் கிறுக்கியது யாருடா என்று கேட்டாலும் அதே பதில்தான்.

இரண்டாம் வரிசையில் இருக்கும் கெசியாளுக்கு ஆறு வயது. ஞானஜோதியின் அக்கா வேதசிரோமணியின் மகள். ஊருக்கு அப்படித்தான் தெரியும். பெற்றவள் ஞானஜோதி.

அக்காவுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஒரு புழு பூச்சி உண்டாகவில்லை. ஞானஜோதிக்கு இரண்டு பையன்கள் இருக்க, மூன்றாவதும் தங்கியது. ஐந்தாம் மாதம் ஒரு நாள், சின்னவன் சட்டைக்கு அக்கா பொத்தான் தைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து மனசு தாங்காமல், "இது பொண்ணாப் பொறந்தா உனக்குத்தாங்க்கா" என்று சொல்லிவிட்டாள். யாரும் கேட்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அக்கா ஊசியைக் கீழே போட்டுவிட்டு இவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அதற்கப்புறம் சொன்ன வார்த்தையை எங்கே திருப்பி எடுப்பது? முப்பதாம் நாள் பிள்ளை கீழ்க்கட்டளையில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனது. இவள் பால் கட்டி ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள்.

"அவ பெரியவளானதும் நானே சொல்றேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது." அக்கா போட்ட கண்டிஷன் அது ஒன்றுதான். ஆகவே ஞானஜோதி கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வந்து போகிற சித்தியாக இருந்தாள். இந்த வருஷம் அக்கா வீட்டுக்காரர் தாவீது செம்பாக்கம் ஏரிப் பக்கம் வீடு கட்டிக் குடிவந்தார். அதில் இவளுக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது, சித்தியாக அல்ல, டீச்சராக. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் அவளுக்கு விடிந்தது. ஏதாவது வாய் தவறினால் பிள்ளையைத் தாம்பரம் சபைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று அக்கா முதல் வாரமே சொல்லி வைத்திருந்தாள்.

ஐந்தாம் பாடம், 'தேவன் என்னை உண்டாக்கினார்'. அதன் அடியில் ஒரு வீட்டுப்பாடம் போட்டிருந்தது: 'நான் உங்கள் வயிற்றில் இருந்தபோது எப்படி இருந்தேன் என்று அம்மாவிடம் கேட்டு வா.' ஞானஜோதி இதைப் புதன்கிழமையே படித்துவிட்டாள். பென்சிலால் ஒரு கோடு போட்டு அடித்துவிட நாலு நாள் இருந்தது. ஒரு மிருகத்தின் படம் வரைந்து வாருங்கள் என்று மாற்றிச் சொன்னால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? மாற்றவில்லை. பாடத்தில் இருப்பதைத்தானே சொல்கிறோம் என்று தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். உண்மை வேறு. அந்தக் கேள்வியை அந்தப் பிள்ளை ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. யாரிடம் கேட்டால் என்ன, கேட்பது தன் வயிற்றைப் பற்றித்தானே.

வகுப்பு முடிந்ததும் கெசியாள் கிட்டே வந்து, "வயித்துக்குள்ள இருட்டா இருக்குமே டீச்சர், தேவன் எப்படி என்னைச் செஞ்சாரு?" என்று கேட்டாள்.

"அவருக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும்மா," என்றாள் ஞானஜோதி. அந்தத் தலையைத் தடவக் கை நீண்டது. தடவினால் நிறுத்த முடியாதென்று பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

சனிக்கிழமை மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அக்கா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி எறிந்த வேகத்திலேயே ஞானஜோதிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"வேணும்னுதானே அந்த வீட்டுப்பாடத்தைக் குடுத்தே?"

"பாடத்துல இருக்குக்கா."

"பாடத்துல ஆயிரம் இருக்கும். உனக்கு எங்க போச்சு புத்தி?"

அவ்வளவுதான், ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது என்று ஞானஜோதி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். ஆனால் அக்கா மேற்கொண்டு திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தவளுக்குக் குரல் உடைந்தது.

"ஆறு நாளா என் முந்தானையை விட மாட்டேங்குறா. நான் உதைச்சேனாம்மா, எந்தப் பக்கம் உதைச்சேன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. நான் என்னத்தடி சொல்லுவேன்? எந்தப் பக்கம் உதைக்கும்னு எனக்கென்ன தெரியும்? நாளைக்கு எல்லாப் பிள்ளையும் சொல்றப்போ இவ மட்டும் முழிச்சுக்கிட்டு நிக்கணுமா? நீயே சொல்லு. எப்படி இருந்தா?"

ஆறு வருஷத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கட்டினவர்கூடக் கேட்டதில்லை.

"வலது பக்கம்க்கா. விலாவுக்குக் கீழே. அப்போ சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்து வீட்ல இருந்தோம்ல, எலெக்ட்ரிக் ட்ரெயின் போகும்போதெல்லாம் ஒரு உதை விடுவா. பலப்பம் தின்னணும் போல இருக்கும். பெரியவன் பையிலேர்ந்து திருடித் திருடித் தின்னேன். அவன் சிலேட்டுல எழுத ஒண்ணுமில்லாம டீச்சர்கிட்ட அடி வாங்கிட்டு வந்தான், பாவம்."

சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் ஞானஜோதிக்குச் சுருக்கென்றது. பிள்ளையைக் கொடுத்தாயிற்று, சுமந்ததாவது நம்முடையது என்று இத்தனை நாள் தேற்றிக்கொண்டிருந்தாள். இப்போது அதையும் அல்லவா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்! மிச்சம் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்வோம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அக்கா எழுந்து கேட் வரைக்கும் போய்விட்டாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. வலது பக்கம், ட்ரெயின், பலப்பம். நாற்பது வயதுக்காரி தெருவில் நின்று மனப்பாடம் செய்வதைப் பார்க்க இவளுக்குப் பொறுக்கவில்லை. ஓடினாள்.

"அக்கா, விக்கல் வரும். சாயங்காலமானா உள்ளேயே விக்குவா. வயிறு குட்டிக் குட்டியாத் துள்ளும். தண்ணி குடிச்சுட்டு வயித்துல கை வச்சா அடங்கிடும். இதையும் சொல்லு."

அக்கா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். அதையும் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். "நீ வயித்துலயும் பேஜார்தான் பண்ணிகினு இருந்தேன்னு எங்கம்மா சொல்லிச்சு," என்றான் தனக்கோடி. ஒருத்தியின் அம்மா ஒன்றும் சொல்லாமல் முதுகில் ஒன்று வைத்து அனுப்பியிருந்தாள். பிறகு கெசியாள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே அக்கா நிற்பதை ஞானஜோதி அப்போதுதான் பார்த்தாள்.

"நான் அம்மாவோட வலது பக்கத்துல உதைச்சேன். ட்ரெயின் போனா உதைச்சேன். அம்மா பலப்பம் தின்னாங்க." வகுப்பே கொல்லென்று சிரித்தது. "எனக்கு விக்கல் வரும். அம்மா தண்ணி குடிச்சுட்டு வயித்துல கை வச்சா நின்னுடும்."

அம்மா, அம்மா என்று அந்தக் குரல் சொன்னதையெல்லாம் ஞானஜோதி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அந்த அம்மா அவள்தான். சொல்கிற வாய்க்குத்தான் அது தெரியாது.

"ரொம்ப நல்லா சொன்னே. உட்காரும்மா."

கெசியாள் உட்காரவில்லை. "இன்னும் இருக்கு டீச்சர். அப்போ சித்தி எங்கே இருந்தாங்கன்னு அம்மாவைக் கேட்டேன்."

ஜன்னலில் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"அம்மா என்னை மடியில இழுத்து வச்சுக்கிட்டாங்க. அப்புறம், சித்திதான் உனக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தா, என்னைவிடப் பக்கத்துலன்னு சொன்னாங்க. நெஜமா டீச்சர்?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நெஜம்தாம்மா," என்றாள் ஞானஜோதி. "அவ்வளவு பக்கத்துலதான் இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டாள்.