நொட்டைக்காரர் கார் பார்க்கப் போனார்

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. குடும்பத்தில் யாருக்கும் அது நினைவில்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் அதிகாரி. ஓரம் நசுங்கிய பிஸ்கட்டை வாசற்படியில் நின்றே பிடித்துவிடுவார். அந்தக் கண் வீட்டுக்கு வந்தும் மூடுவதில்லை என்பதால் சொந்தக்காரர்கள் 'நொட்டைக்காரர்' என்று பட்டம் கட்டினார்கள். அவர்கள் வசவாக வைத்ததை அவர் விருதாக வாங்கிக்கொண்டார்.

யார் ஃபிரிட்ஜ் வாங்கினாலும், வீடு பார்த்தாலும் அவரைத்தான் முன்னே விடுவார்கள். போன வருடம் மச்சினன் ஆசை ஆசையாகப் பார்த்து வைத்த காரை, பம்பரில் மயிரிழைக் கீறல் இருக்கிறதென்று ஒரே வார்த்தையில் ஒதுக்கித் தள்ளினார். மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "நீங்களும் ஒருநாள் கார் வாங்குவீங்கல்ல அத்தான்? அன்னிக்கு நான் பூதக்கண்ணாடியோட வர்றேன்."

அந்த நாள் வந்துவிட்டது. சாதாரணக் கார் அல்ல. கைமாறி வந்தாலும் கம்பீரம் மாறாத பெரிய வெளிநாட்டுச் சொகுசுக் கார்.

"ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போலாமேங்க" என்றாள் மனைவி.

"புலி வேட்டைக்குப் போகுது. துணைக்குப் பூனை வேணுமா?"

புலியின் சட்டைப்பையில் ஒரு டார்ச் இருந்தது. கால்சட்டைப்பையில் ஒரு காந்தம். அடிபட்ட இடத்தில் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தால் காந்தம் ஒட்டாது. ஏமாந்து திரும்பினால் மச்சினன் வாயில் ஆயுளுக்கும் அவல் ஆகவேண்டும். அந்த ஒரு பயத்தை மட்டும் எந்தப் பையில் வைப்பதென்று தெரியவில்லை.

கார்க்காரர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். ஓய்வு கல்லூரிக்குத்தான் கிடைத்திருந்தது. அவர் முதல்வராகவே இருந்தார். ஷெட்டுக்குள் சுவரைப் பார்த்தபடி கார் நின்றது. முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளலாம், அப்படியொரு கறுப்பு. நொட்டைக்காரரின் கை டார்ச்சுக்குப் போனது.

"உட்காருங்க" என்றார் முதல்வர். காருக்குப் பக்கத்தில் எதிரும் புதிருமாக நாற்காலிகள். "நான் இத விக்கல. தகுதியான ஆள்கிட்ட ஒப்படைக்கிறேன். இதுவரைக்கும் வந்தவங்க யாரும் தேறல."

'தேறல' என்ற சொல் காதில் விழுந்ததும் நொட்டைக்காரரின் முதுகு தானாக நிமிர்ந்தது. டார்ச் பைக்குள்ளேயே படுத்துக்கொண்டது. உலகத்தையே பரீட்சை பார்த்தவரை முதன்முறையாக ஒருவர் பரீட்சை பார்க்கிறார். விடலாமா?

"ஹாரன் அடிக்கிற பழக்கம் உண்டா?"

"அவசியம்னா..." என்று இழுத்தவர், முதல்வரின் புருவம் உயர்வதைப் பார்த்து, "அவசியமே வராது சார். நம்ம வண்டியப் பாத்தா அவங்களே ஒதுங்கிடுவாங்க" என்றார்.

"பேஷ். ஏசி?"

"செயற்கைக் காத்து ஒடம்புக்கு ஆகுமா சார்? ஜன்னல எறக்கிட்டா போச்சு."

கூட வந்திருந்த மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் மார்கழியிலும் ஏசி போடுகிற மனிதர்.

"ராத்திரியில ஊர் சுத்துவீங்களா?"

"இருட்டுறதுக்குள்ள வீட்டுல இருக்கறவன் சார் நான்."

"எதுவும் தப்பாப் போச்சுன்னா பின்வாங்குற ஆளா?"

நொட்டைக்காரர் எழுந்தே விட்டார். "வச்ச கால பின்ன வைக்காத பரம்பரை சார்!"

முதல்வருக்குக் கண் கலங்கியது. "கடைசியா ஒண்ணு. கதவ சாத்திக் காட்டுங்க."

நொட்டைக்காரர் சாத்தினார். "இதென்ன பஸ் கதவா?" என்று அதட்டல் வந்தது. இரண்டாம் முறை மூச்சை அடக்கி, இரண்டே விரலால், பூவின் மேல் பூவை வைப்பதுபோல் வைத்தார்.

"முதல் வகுப்பு!" முதல்வர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களுக்காகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்துச்சு."

மார்பு விரிந்ததில் சட்டைப் பொத்தான் ஒன்று முனகியது. வாழ்க்கையில் ஒரு பொருள் அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது! முன்பணம் வைத்திருந்த பைக்காக மனைவி பக்கம் கையை நீட்டினார். பை வரவில்லை.

"சார்," என்றாள் அவள், "வண்டியக் கொஞ்சம் பின்னால எடுத்துக் காட்டுறீங்களா?"

"அம்மா, முன்னேறத் தெரிஞ்சவருக்குப் பின்னால போற வேலை எதுக்கு?"

"கரெக்ட்!" என்றார் நொட்டைக்காரர்.

"முன்னால சுவருங்க" என்றாள் மனைவி.

மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள். நல்ல கெட்டியான சுவர்.

நொட்டைக்காரருக்குள் பிஸ்கட் ஆய்வாளர் விழித்துக்கொண்டார். பதில்கள் போகட்டும், கேள்விகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார். ஹாரனை அமுக்கினார், அது மௌன விரதம். ஏசி, அடுப்படிக் காற்றை முகத்தில் ஊதியது. முன்விளக்கின் வெளிச்சம் சுவரில் விழவேயில்லை. ரிவர்ஸ் கியர் போட்டபோது கார் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. கோபத்தில் இறங்கிக் கதவை அறைந்தார். கைப்பிடி கையோடு வந்தது.

முதல்வர் தலைகுனியவில்லை. அவர் ஏமாற்றுக்காரரும் அல்ல. கார் ஒவ்வொன்றாகக் கைவிட்டபோதெல்லாம் அவர் ஒவ்வொரு கொள்கையாகப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

"அப்ப... முடிவு?" என்று கேட்டார்.

நொட்டைக்காரர் கைப்பிடியை மரியாதையாக நாற்காலியில் வைத்தார். "நான் பாஸ் சார். வண்டி ஃபெயில்."

"மறுதேர்வு வைக்கலாமே?"

"மொதல்ல படிச்சிட்டு வரட்டும்."

வீட்டில் மச்சினன் சொன்னபடியே பூதக்கண்ணாடியோடு காத்திருந்தான். "வண்டி எங்க அத்தான்?"

"தேறல. அஞ்சு பாடத்துல போச்சு."

"டெஸ்ட் பண்ணியா பாத்தீங்க?"

நொட்டைக்காரர் தொண்டையைக் கனைத்தார். காரின் அதே கனைப்பு. மனைவி முந்திக்கொண்டாள்: "உங்க அத்தான் ஒரு கேள்விகூடக் கேக்கலடா. பதில் சொல்லிச் சொல்லியே அத்தனை நொட்டையையும் அந்த மனுஷன் வாயாலயே வரவழைச்சிட்டார்."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்பதுதான் அவளுடைய கெட்டிக்காரத்தனம். மச்சினன் அக்காவையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தான். பூதக்கண்ணாடி சட்டைப்பைக்குள் போனது.

"ஒண்ணு மட்டும் சொல்றேன்" என்றார் நொட்டைக்காரர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "அந்த வண்டிக்கு இதுவரைக்கும் தேறுன ஒரே ஆள் நான்தான். முதல் வகுப்பு."

"சரிங்க" என்றாள் மனைவி. "கதவ சாத்திட்டு வாங்க, கொசு வருது."

எழுந்து போய், மூச்சை அடக்கி, இரண்டே விரலால் வாசற்கதவைச் சாத்திவிட்டுத் தலைநிமிர்ந்து திரும்பினார். கதவு அவர் பின்னாலேயே மெல்லத் திறந்துகொண்டது. மனைவி எழுந்து போய், ஊருக்கே கேட்கும்படி ஓர் அறை அறைந்து சாத்தினாள்.