முப்பத்தொரு ஜோடி எழுத்து

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து, எடமலைப்பட்டி புதூரில் எங்கள் பங்குக் கோயிலின் மன்றத்தில் கூடியிருந்தவர்களை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மேசைக்குப் பின்னால் நடுவில் பங்குத்தந்தை. அவருக்கு வலப்பக்கம் பொன்விழாக் குழுத் தலைவர் அருள்நாதன் சார், கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். இடப்பக்கம் பாடகர் குழுவை நடத்தும் லூர்துராணி டீச்சர், ஆர்மோனியப் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றியபடி. எதிரே மூன்று வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாடகர்கள் இருபத்துமூன்று பேர். இரண்டாம் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, என் மனைவி பெலிண்டா. ஜன்னலோரம் தனி நாற்காலியில் ரிஃபானா. குழுவின் செயலாளனாகிய அமிர்தசாமி, அதாவது நான், கதவுக்குப் பக்கத்தில், இரண்டு கட்டுத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு.

ஒரு கட்டின் மூலையில் ‘அ’ என்றும் மற்றதில் ‘ஆ’ என்றும் போட்டிருந்தது. இரண்டிலும் அதே மூன்று பாடல்கள். எழுத்துதான் வேறு. ‘அ’ என்னுடையது; ‘ஆ’ ரிஃபானாவுடையது. பாடகர்களுக்கு இது தெரியாது. எந்தத் தாளை வைத்துப் பாட வசதியாக இருக்கிறதோ, அந்த எழுத்தில்தான் பொன்விழாப் பாடல் புத்தகம், அழைப்பிதழ், மெழுகுவர்த்திப் பெட்டியின் லேபிள் எல்லாம் அச்சாகும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ‘எழுத்து வடிவம்’ என்று போட்டு ஒரு பெயர் வரும். அந்தப் பெயருக்காகத்தான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பங்குக்கென்று தனியாக ஓர் எழுத்து வரையலாம் என்ற யோசனையே என்னுடையது. எழுத்து மூலமாக விண்ணப்பம் கொடுத்தவனும் நான்தான். பாலக்கரையில் கல்யாணப் பத்திரிகைக் கடை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக டிசைன் வேலை பார்க்கிறேன். யாரோ வரைந்த எழுத்துகளை எடுத்து யாரோ பெயர்களை அடுக்கும் வேலை. அதனால் ஆறு வருடத்துக்கு முன்னால் சொந்தமாக ஒன்று வரையத் தொடங்கினேன். துறையூர்ப் பள்ளிக்கூடத்தில் கிராஃப் நோட்டில் கோடு தவறாமல் வரையப் பழகிய கை. ஒரு பக்கத்துக்கு ஓர் எழுத்து. ஒவ்வொன்றுக்கும் அளவு, தேதி. அதற்கு ‘அமிர்தம்’ என்று பெயரும் வைத்தேன்.

விண்ணப்பத்தைப் படித்த கூட்டத்திலேயே லூர்துராணி டீச்சர், “எங்க ஸ்கூல் டிராயிங் மிஸ் ரிஃபானாவும் எழுத்து வரையறாங்க ஃபாதர். கேட்டுப் பாக்கலாமே?” என்றார். “தாராளமா” என்றார் ஃபாதர். நானும் தலையாட்டினேன். கூட்டக் குறிப்பில் ‘ஒருமனதாக’ என்று எழுதியதும் நானே.

ரிஃபானாவின் ஃபாண்டை வாங்க ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் அவர் குடியிருக்கும் பிளாட்டுக்குப் போனேன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

“வாங்க அங்கிள். செருப்பைப் போட்டுக்கிட்டே வாங்க, தரையெல்லாம் பெயின்ட்டு.”

சுவர் முழுக்கப் பழைய செய்தித்தாள்கள் ஒட்டியிருந்தன. அவற்றின் மேல் தடித்த மார்க்கரில் எழுத்துகள். கோடும் இல்லை, கட்டமும் இல்லை. நான் ‘ழ’வைத் தேடிப் பார்த்தேன். ‘ழ’ எனக்கு எட்டு மாதம் பிடித்த எழுத்து. இன்றைக்கும் அது உட்கார இடம் கிடைக்காதவர் மாதிரிதான் நிற்கும். இவருடைய ‘ழ’, சாப்பிட்டு முடித்துக் கால் நீட்டியவர் போல அவ்வளவு சௌகரியமாக இருந்தது.

“எத்தனை வருஷமா பண்றீங்க?”

“வருஷமா? போன ரமலான்ல ஆரம்பிச்சேன் அங்கிள். ஸ்கூல் லீவுல முடிச்சுட்டேன்.”

“பேரு?”

“பேரெல்லாம் இன்னும் வைக்கல. ஃபைல் பேரு ‘ஃபைனல் மூணு’. அதுக்கப்புறமும் ரெண்டு தடவை மாத்திட்டேன்” என்று சிரித்துக்கொண்டே பென்டிரைவைக் கொடுத்தார். “சாம்பிள் தாளை உங்க கடையிலயே அடிச்சிடுங்க. நீங்க பண்ணா கரெக்டா இருக்கும்.”

கடையில் முதலில் அவருடையதைத்தான் அச்செடுத்தேன். தாள் வெளியே வந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. வரிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கீழ் வரியின் புள்ளிகள் மேல் வரி எழுத்துகளின் வாலில் முட்டின. ‘ர’வுக்கும் ‘வ’வுக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகலாம், ‘ண’வும் ‘ம’வும் ஒன்றையொன்று மிதித்தன. எழுத்தை வரையத் தெரிந்தவருக்கு எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கத் தெரியவில்லை. இதை அப்படியே கொடுத்தால் போதும், பாடகர்கள் இரண்டாவது அடியிலேயே தடுமாறுவார்கள். தாளை எடுத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து என்ன செய்தேன் என்றால், உட்கார்ந்து சரிசெய்தேன். ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக, எழுத்து முட்டிக்கொண்டிருக்கும் ஒரு பத்திரிகையை என் கை மேசையை விட்டு வெளியே அனுப்பியதில்லை. மாப்பிள்ளை யார், பெண் யார் என்று கை பார்ப்பதில்லை. வரி இடைவெளியை இரண்டரை பாயின்ட் கூட்டினேன். புள்ளியைக் கொஞ்சம் இறக்கினேன். முப்பத்தொரு ஜோடி எழுத்துகளின் இடைவெளியை ஒவ்வொன்றாக மாற்றி, வழக்கம்போல நோட்டில் குறித்தும் வைத்தேன். என்னுடையதை மட்டும் தொடவில்லை. ஆறு வருடம் தொட்டது போதாதா என்ற கர்வம்.

இனி மன்றத்துக்கு வருகிறேன். முதலில் ‘அ’. லூர்துராணி டீச்சர் சுருதி கொடுத்தார். முதல் அடி நன்றாகப் போனது. இரண்டாவது அடியில் முன் வரிசைப் பெண்கள் தாளை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார்கள். மூன்றாவதில் ஆண்கள் பக்கம் ஒரு வார்த்தை பிந்தியது. பிறகு ‘ஆ’. யாருடைய தாளும் அசையவில்லை. சிலர் டீச்சரின் கையைப் பார்த்துக்கொண்டே பாடினார்கள். தாளைப் பார்த்தால் போதும், தேட வேண்டியதில்லை என்பது போல.

கை தூக்கச் சொன்னார்கள். ‘அ’வுக்கு நான்கு கை. ‘ஆ’வுக்குப் பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதில் மின்விசிறிக்குக் கீழே, வளையல் குலுங்க, பெலிண்டாவின் கையும்.

ரிஃபானா எழுந்து வந்து தன் தாளை எடுத்துப் பார்த்தார். “அங்கிள், என் எழுத்து இவ்வளவு நல்லாவா இருக்கு? ஸ்கிரீன்ல கொஞ்சம் நெருக்கமா தெரிஞ்சுதே?”

“தாள்ல அப்படித்தான் வரும்” என்றேன்.

“அப்ப என் ஃபைலையே நேரா சிவகாசிக்கு அனுப்பிடறேன் சார்” என்றார் அருள்நாதன் சாரிடம்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள போயிடணும்மா. மூவாயிரம் காப்பி” என்றார் சார். பிறகு என் பக்கம் திரும்பி, “என்ன அமிர்தசாமி, முகம் ஏன் இப்படி? நாலு ஓட்டாவது விழுந்துச்சே. நான் வார்டு எலெக்‌ஷன்ல நின்னப்ப மூணுதான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுப் படியேறும்போது பெலிண்டா, “எது உங்களுதுன்னு தெரியாமத்தான் தூக்கினேன்” என்றாள்.

“தெரிஞ்சிருந்தா?”

“தெரிஞ்சிருந்தா நாக்கைக் கடிச்சுக்கிட்டு உங்களுக்கே தூக்கியிருப்பேன். அப்புறம் வருஷம் பூரா கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பாடியிருப்பேன்.”

திங்கட்கிழமை ஃபாதருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒன்று, ‘ஆ’ தாள் என்னால் திருத்தப்பட்டது. இரண்டு, ‘அ’ தாள் திருத்தப்படவில்லை. மூன்று, ஆகவே தேர்வு செல்லாது. மறுபடியும் வைக்க வேண்டும். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் மறுதேர்வு வைத்தால் ஜெயிப்பேனா என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. செவ்வாய் முழுக்க என் எழுத்துக்கு உட்கார்ந்தேன். அதே பொறுமை, அதே கவனம், நாற்பது ஜோடி. அதையும் திருத்திய ‘ஆ’வையும் அச்செடுத்து, குறி எதுவும் போடாமல் சமையல் மேடையில் வைத்தேன்.

பெலிண்டா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “இது” என்று ரிஃபானாவின் தாளைத் தொட்டாள். “நாலு தடவை கேட்டாலும் இதுதான். இதைப் பாத்தா வாய் தானா திறக்குதுங்க.”

ஃபாதருக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்தேன்.

அப்புறமும் ஒரு வழி இருந்தது. எதுவுமே செய்யாமல் இருப்பது. ‘ஃபைனல் மூணு’ அப்படியே சிவகாசிக்குப் போகும். மூவாயிரம் புத்தகத்திலும் புள்ளிகள் மேல் வரியில் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் ஞாயிறே ஊர் கேட்கும், யார் வரைந்த எழுத்து இது என்று. கடைசிப் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கும். இதை நினைத்தபோது, இரண்டு நாளாக இறங்காத சோறு இறங்கியது.

புதன் காலை கடைக்குக் கிளம்ப நோட்டைப் பையில் வைக்கும்போது, நான் முதலில் அச்செடுத்த திருத்தாத தாள் அதிலிருந்து நழுவி விழுந்தது. பெலிண்டா குனிந்து எடுத்தாள்.

“இது என்ன கண்றாவி? புள்ளியெல்லாம் ஈ மொய்ச்ச மாதிரி இருக்கு.”

சொன்னேன். ‘தாள்ல அப்படித்தான் வரும்’ என்று நான் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் சத்தம் போடவில்லை. “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இந்தப் புத்தகத்தை வச்சுப் பாடப்போறது நானுங்க. அந்தப் பொண்ணு இல்ல. உங்க பொறாமையை நீங்க வச்சுக்கங்க. என் கையில பைண்டு போட்டுக் கொடுக்காதீங்க.”

கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

‘அன்புள்ள ரிஃபானா அவர்களுக்கு, வணக்கம். ஞாயிறன்று தாளைப் பற்றி நான் சொன்னது பொய். தங்கள் ஃபைலை அப்படியே அனுப்ப வேண்டாம். வரி இடைவெளி இரண்டரை பாயின்ட் கூட வேண்டும். புள்ளி இறங்க வேண்டும். முப்பத்தொரு ஜோடி எழுத்துகளின் இடைவெளி, இத்துடன் உள்ள அட்டவணைப்படி மாற வேண்டும். திருத்தாத தாள், திருத்திய தாள் இரண்டையும் இணைத்துள்ளேன். ஒப்பிட்டுப் பார்க்கவும்.’

இங்கே நிறுத்தியிருக்கலாம். பேனா நிற்கவில்லை.

‘தங்கள் ழ மிகவும் நன்றாக உள்ளது. அதைப் பார்த்த நாள் முதல் எனக்கு நிம்மதி இல்லை. கடைசிப் பக்கத்தில் “எழுத்து வடிவம்: ரிஃபானா” என்று போடும்போது அதன் கீழே “எழுத்து இடைவெளி: துறையூர் அமிர்தசாமி” என்று போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அதே அளவில்.’

‘அதே அளவில்’ என்பதை அடிக்கலாமா என்று பேனாவைக் கொண்டுபோனேன். அடிக்கவில்லை. கீழே ஒரு கோடு போட்டேன்.

“வாட்ஸ்அப்ல அனுப்பினா ஒரு நிமிஷம்” என்றாள் பெலிண்டா.

“ஒரு நிமிஷத்துல வந்தது ஒரு நிமிஷத்துல மறந்துடும். இதுக்கு ரசீது வேணும்.”

தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் மூன்று பேர். நின்றபடியே இன்னொரு தடவை படித்தேன். முப்பத்தொரு ஜோடியும் சரியாக இருந்தன. மூன்றாக மடித்து, தாள்களோடு உறைக்குள் வைத்து, வாயைக் கோந்து தடவி அழுத்தினேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா எடை போட்டுவிட்டு, “ஸ்ரீரங்கமா? நாளைக்கே போயிடும் சார்” என்று முத்திரையைக் குத்தி, உறையைப் பின்னால் இருந்த பைக்குள் போட்டார்.