குழாயில் திணித்த சேலை

சகாயம்மாள் அத்தை ஊதிய ஊதலில் அடுப்பு பற்றியதோ இல்லையோ, சமையல்கட்டு முழுக்கப் புகை மண்டிவிட்டது. கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து அந்தச் சாவு வீட்டில் உலை வைக்கவில்லை. இனி வைக்கலாம் என்று அத்தைதான் முதல் விறகைச் செருகினாள். செருகியவள் இருமத் தொடங்கினாள்.

கூடத்தில் ஈரத்தலையோடு நின்ற செல்வமேரி சட்டென்று திரும்பினாள். அம்மாவின் இருமல் அது. இழுத்து இழுத்து, கடைசியில் ஒரு விசிலோடு முடியும் அதே இருமல். மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த அம்மா அடுப்படியில் குந்தியிருக்கிறாள் என்றே ஒரு கணம் நம்பினாள். நம்பி ஓடினாள்.

புகைக்குள் அத்தைதான் இருந்தாள்.

"இது புகையில்லா அடுப்பு அத்தை. புகையக் கூடாது" என்றாள் செல்வமேரி, அடுப்பிடமே முறையிடுகிறவளைப் போல.

அவள் கட்டிய அடுப்பு அது. பெரிய கடைவீதி ஜவுளிக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தவள் அந்த வேலையை உதறிவிட்டு, ஊர் ஊராகப் போய்க் அடுப்புக்குக் களிமண் பிசைந்தபோது, அவள் குடியிருந்த பாலக்கரையே சிரித்தது. அவள் சட்டை செய்யவில்லை. பாதி விறகில் சோறு பொங்கி, கண்ணைக் கசக்காமல் ஒரு பெண் சமைக்கிறாள் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? பிறந்ததே இதற்குத்தான் என்றிருந்தது அவளுக்கு. முதல் அடுப்பை அம்மாவுக்குத்தான் கட்டினாள். கூரைக்கு மேலே போகும் குழாயின் உச்சியில் தகர மூடி போட வேண்டும் என்று அடுப்பு கட்டும் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மூடி இல்லாவிட்டால் புகை இன்னும் நன்றாக இழுக்கிறது என்று அவளாகக் கண்டுபிடித்து, கட்டிய வீடுகளிலெல்லாம் மூடி போடாமலே விட்டாள். அது நல்ல சித்திரை வெயில் காலம்.

அம்மாவின் இருமல் மட்டும் நிற்கவில்லை. பழைய புகை நெஞ்சில் தங்கிவிட்டது என்றார் டாக்டர். முந்தியே கட்டியிருக்கக் கூடாதா என்று செல்வமேரி மருகிப் போனாள்.

விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, பின்னடுப்பின் வழியாகக் குழாய்க்குள் கையை விட்டாள். துணி தட்டுப்பட்டது. இழுக்க இழுக்க வந்தது, ஓரம் கருகிய அம்மாவின் நீலச் சேலை.

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்குத் தெரியும்டி. இன்னிக்கு இருந்த இருப்புல எடுக்க மறந்துட்டேன். ஐப்பசி மழையில குழாய் வழியாத் தண்ணி எறங்கி அடுப்பு கரைய ஆரம்பிச்சிடுச்சு. மேரி கட்டினது இடிஞ்சிடப் போவுதுன்னு அண்ணி இதத் திணிச்சாங்க. நீ வர்றதுக்குள்ள புகையிலயே சமைச்சு முடிச்சு, கதவெல்லாம் தொறந்து வச்சிடுவாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேலைய விட்டுருவேன்னு பயந்தாங்க."

செல்வமேரிக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது, மூடியில்லாமல் கட்டிய மற்ற வீடுகளை நினைத்து. சேலையைக் கையில் சுருட்டியபடியே கிணற்றடிக்குப் போனாள். செய்தி கேட்டுத் திருவெள்ளறையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த மாரியாயி அங்கே தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவள் தெரு முழுக்கச் செல்வமேரி கட்டிய அடுப்புகள்தான்; அங்கே அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மாரியாயி, ஒங்க அடுப்புல மழை எறங்குதா?"

"இன்னிக்குப் போயி எதுக்கு டீச்சரம்மா அந்தப் பேச்சு?"

"சொல்லுங்க."

மாரியாயி அந்தச் சேலையைப் பார்த்தாள். அதன் கரியையும் பார்த்தாள்.

"கோணிய அடைச்சிருக்கோம். எங்க தெருவுல எல்லாருந்தான். நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் எடுத்துடுவோம்." குரல் இறங்கியது. "எங்க அடுப்பப் பாத்துட்டு எம்மாஞ் சந்தோசமா நிப்பீங்க. அதக் கெடுக்க மனசு வரல."

செல்வமேரி சேலையை இன்னும் இறுகச் சுருட்டினாள். பிறகு, "மூடி எடுத்துக்கிட்டு நாளைக்கு வரேன். நான் வரேன்னு யாரும் கோணிய எடுக்காதீங்க. அப்படியே இருக்கட்டும், நான் பாக்கணும்" என்றாள்.

உள்ளே அத்தை மறுபடி பற்றவைத்தாள். புகை கூரைக்கு மேலே நேராக எழுந்தது. சமையல்கட்டில் யாரும் இருமவில்லை. செல்வமேரி சேலையை மார்போடு அணைத்தபடி வாசற்படியிலேயே நின்று, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.