ஏனக்கின் மீசை

இங்கிலாந்தின் பர்ன்லி ஊர் நெசவாலைகளில் யாரும் கத்திப் பேசுவதில்லை. தறிகள் போடும் இரைச்சலில் கத்தினால் தொண்டைதான் போகும். உதட்டை அகல அசைத்துச் சத்தமில்லாமல் பேசுவார்கள். எதிர்த் தறிக்காரி பார்த்தே புரிந்துகொள்வாள். அதனால்தான் எஸ்தருக்குக் காது முழுக்கப் போனது பல காலம் ஒருவருக்கும் தெரியவில்லை.

தொழிற்சங்கக் கூட்டத்தில்தான் மாட்டிக்கொண்டாள். தலைவர் ஏனக்குக்கு வாயை மூடித் தொங்கும் மீசை. ஊரில் அதற்கு ஈடில்லை என்று அவருக்கு நினைப்பு. அதற்குப் பின்னால் உதடு இருக்கிறதா என்பதே எஸ்தருக்குச் சந்தேகம். போன கூட்டத்தில் அவர் ஏதோ கேட்டார். இவள் குத்துமதிப்பாகக் கையைத் தூக்கினாள். ஆளுக்கு நாலு தறிக்குப் பதில் எட்டுத் தறி என்ற முதலாளியின் திட்டத்துக்கு யார் சம்மதம் என்பதுதான் கேள்வி! அதை எதிர்த்துத் தெருத்தெருவாகப் பேசியவளே அவள்தான். மண்டபமே வாயைப் பிளந்து சிரித்ததைக் கண்ணால் பார்த்தாள். அன்றைக்கு விஷயம் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

கல்யாணம், குழந்தை எதுவும் அமையாத எஸ்தருக்குச் சங்கச் செயலாளர் வேலைதான் எல்லாம். அதை விட்டுவிடுவதென்று தீர்மானித்து, அலுவலகச் சாவியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனாள்.

வாசலில் ஏனக்கின் மனைவி லெட்டி பிடித்துக்கொண்டாள். அவளும் தறிக்காரிதான்.

"மூஞ்சி ஏன்டி செத்துப்போயிருக்கு?" என்று உதட்டால் கேட்டாள்.

"சாவியக் குடுத்துட்டுப் போயிடறேன், லெட்டி. செவிட்டுக் கழுதை சங்கத்துக்கு எதுக்கு?"

"குடேன். முதல்ல உள்ள வந்து எங்க வீட்டு ஆளைப் பாரு. பாத்துட்டுச் சிரிச்சிடாத, பாவம்."

மேடையில் யாரோ நின்றிருந்தார். மூக்குக்குக் கீழே தோலுரித்த உருளைக்கிழங்கு போல வெளுத்திருந்தது. ஏனக்!

எஸ்தரை நேராகப் பார்த்து, தறிக்காரிகளைப் போல உதட்டை அகல அசைத்தபடி பேசினார். பழக்கமில்லாததால் வாய் கோணிக்கொண்டு போயிற்று.

"எஸ்தரு, நான் பேசுறது தெரியுதாம்மா?"

"தெரியுது."

"தெரியலேன்னா நான் குளிர்ல விறைக்கிறது வீண். சரி, எட்டுத் தறிக்குச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க. நீ தூக்கின, நடக்கிறதே வேற!"

மண்டபம் மறுபடி சிரித்தது. இந்த முறை எஸ்தரும் சேர்ந்துகொண்டாள். லெட்டி அவளை விலாவில் இடித்தாள். "கல்யாணத்துக்கு எங்கம்மா கெஞ்சியும் எடுக்காத மனுஷன்டி!"

இவர்களுக்காகத் தான் பாடுபடுவதாகத்தான் எஸ்தர் இதுவரை நினைத்திருந்தாள். தனக்காக ஒருவர் மீசையை எடுப்பார் என்று நினைத்ததில்லை. கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை உதறியபோது சாவி கீழே விழுந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. லெட்டிதான் குனிந்து எடுத்து, அவளுடைய பைக்குள்ளேயே போட்டாள்.