நாற்பத்தேழாம் எண்

மீன்காரம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அவள் மீன் விற்பவள் அல்ல. விரல் நீள மீன்களின் முட்டைக்குள் கரு எப்படி வளர்கிறது என்று இருபத்திரண்டு வருடமாக நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துப் பார்ப்பவள். ஆய்வுக்கூடத்துத் தொட்டி வாடை துணியை விட்டுப் போகாததால் வீட்டுக்காரர் வைத்த பெயர் அது. இப்போது கட்டடம் முழுக்க அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பேராசிரியர் பதவிக்கான கோப்பு அன்று மாலை நான்கு மணிக்குள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை கைநழுவிய பதவி. இந்த முறையும் போனால் அவளுடைய ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டு, பக்கத்து அறையில் ஒரு மேசை கொடுப்பார்கள். தொட்டிகளுக்கு இடமிருக்காது. ஆனாலும் அவள் தைரியமாகத்தான் இருந்தாள். அவளுடைய ஒரு கட்டுரையை மட்டும் ஆயிரத்து நூற்றுப் பத்துப் பேர் தங்கள் கட்டுரைகளில் ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள். ஆயிரத்து நூற்றுப் பத்து சைட்டேஷன்! மற்றவை முக்கி முனகி முப்பதைத் தொட்டவை. இது மட்டும் ஏன் இப்படி என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. புகழை யார் நிறுத்தி வைத்து விசாரிப்பார்கள்?

வம்பு விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. 'பிறர் உங்கள் கட்டுரையைப் பற்றிச் சொன்ன ஐந்து வரிகளை எடுத்து எழுதவும்.' காலை ஒன்பது மணிக்கு முதல் கட்டுரையைத் திறந்தாள். 'இதயம் துடிக்கத் தொடங்குமுன்பே அது எந்தப் பக்கம் வளையும் என்பது முடிவாகிவிடுகிறது' என்று எழுதி, அதற்கு அவளை ஆதாரம் காட்டியிருந்தார்கள். அவள் எழுதியதோ மீனின் காதுக்குள் வளரும் கற்களைப் பற்றி. இரண்டாவதைத் திறந்தாள். இதயம். மூன்றாவதிலும் அதே இதயம்.

தன் கட்டுரையை எடுத்து முதலிலிருந்து படித்தாள். பதினான்கு வருடத்துக்கு முந்தைய எழுத்து, யாரோ எழுதியது போல இருந்தது. போகிற போக்கில் எங்காவது சொல்லியிருப்போமோ என்று தேடினாள். இதயம் என்ற சொல்லே இல்லை. மூன்றாம் முறை படிக்கும்போது, தனக்குத்தான் மூளை பிசகிவிட்டதோ என்று நிஜமாகவே பயந்துபோனாள்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"ஏங்க, நான் இதயத்தைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கேனா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு லெட்டர்ல எழுதின."

"ஐயோ, மீனோட இதயங்க."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "மூணாவது மாடி பட்டனை அமுக்கினா நாலாவதுக்குப் போகுதுன்னா, பட்டனையே பார்த்துட்டு இருக்கக் கூடாதும்மா. ஒயரை எங்க மாத்திக் குடுத்தான்னு பின்னாடியே போய்ப் பாரு."

பின்னாடியே போனாள். அவளை ஆதாரம் காட்டியவற்றில் எல்லாவற்றையும்விடப் பழையது ஒரு பெரிய தொகுப்புக் கட்டுரை. துறையில் அதைப் புரட்டாதவர் இல்லை. அதில் இதய வரிக்குப் பக்கத்தில் நாற்பத்தேழு என்று எண். கட்டுரையின் கடைசியில் உள்ள ஆதாரப் பட்டியலில் நாற்பத்தேழு, அவள். அதற்கு மேலே, நாற்பத்தாறில், இதயத்தைப் பற்றிய கட்டுரை. பட்டியலில் முன்னால் இருந்த எதையோ கடைசி நேரத்தில் எடுத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரு படி மேலே ஏற, கட்டுரைக்குள் எண்கள் பழையபடியே நின்றுவிட்டன. அதன்பின் வந்த மேதாவிகள் யாரும் அவள் கட்டுரையைத் திறக்கவே இல்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அவளும் அப்படி எத்தனை போட்டிருப்பாள் என்பதை நாம் கிளற வேண்டாம்.

நாற்பத்தாறை எழுதியவள் ஊசி. ஒரு காலத்தில் அவளுக்குப் பக்கத்து மேசை. ஒரு முட்டையைக்கூட உடைக்காமல் ஊசி போடுவாள் என்பதால் அந்தப் பெயர். அவளுடைய இதயக் கட்டுரைக்கு ஒன்பதே சைட்டேஷன். 'தாக்கம் போதாது' என்று ஆறு வருடத்துக்கு முன் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறாள்.

"ஊசி, ஒரு பெரிய குழப்பம் நடந்திருக்கு," என்று போனில் ஆரம்பித்தாள் மீன்காரம்மா.

"நாப்பத்தேழா?"

"உனக்குத் தெரியுமா?"

"ஆறு வருஷமா தெரியும். அந்தத் தொகுப்பை எழுதினவருக்கு மெயில் போட்டேன், அவர் ரிட்டயர் ஆயிட்டாரு, பதிலே இல்ல. நீ சொன்னா என் வேலையை முடிவு பண்ற கமிட்டி கேக்கும்னு உனக்கும் போட்டேன்."

"எனக்கு வரலையே."

"பதில் போட்டியேடி," என்றாள் ஊசி. அதில் கோபம்கூட இல்லை.

பழைய மெயில்களில் தேடினாள். இருந்தது. தலைப்பு, 'உன் காதுக்கல் கட்டுரையின் சைட்டேஷன் பற்றி'. எந்த எண் எங்கே மாறியது என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கியிருந்தாள் ஊசி. முடிவில், 'வெள்ளிக்கிழமை கமிட்டி. அதற்குள் ஒரு வரி எழுதிக் கொடு.' அதன் கீழே, நான்கே நிமிடத்தில் போன பதில்: 'ரொம்ப சந்தோஷம்! உன் வாழ்த்துக்கு நன்றி. ஒருநாள் நேரில் பேசுவோம்.'

தலைப்பை மட்டும் படித்திருக்கிறாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கோப்பை நீட்டினாள். கிளார்க் புரட்டிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"மேடம், இந்த ஆயிரத்து நூத்திப் பத்தை நீங்களே கோடு போட்டு அடிச்சிருக்கீங்க. அப்புறம் உங்களுக்கு என்ன மிஞ்சும்?"

"மிஞ்சறது மிஞ்சட்டும்."

அவர் கடைசித் தாளைத் தூக்கிப் பிடித்தார். "இது வேற யாரோட கமிட்டிக்கோ எழுதின லெட்டர் மாதிரி இருக்கு. தேதி இன்னைக்குத்தான். ஆனா அந்த ஃபைலை மூடி ஆறு வருஷம் ஆச்சே மேடம். இதை எங்க சேர்க்கறது?"

அதுதான் மீன்காரம்மாவுக்கும் தெரியவில்லை.